டஃபி என்னும் புரதமும் அழற்சியின் அடக்கமும்

இவ்வறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவு இம்முறை வைத்திய விஞ்ஞானத்தைச் சார்ந்ததாக இருக்கவேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டபோது, எந்த நகரத்து மண்டபத்திலும் பேசிவிடக்கூடிய ஒரு விஷயத்தை நீலகிரி மலைமேல் உள்ள ஜெகதளாவுக்குத் தூக்கிக்கொண்டு வருவதில் எனக்கு விருப்பம் இல்லை. இந்த மலையோடு சம்பந்தமுடையதாகவும், அதே சமயத்தில் மனித சரீரம் எங்கும் ஒன்றே என்பதால் உலகுக்கெல்லாம் பொதுவானதாகவும் உள்ள ஒரு பொருள் வேண்டும் என்று தேடியதில், சிவப்பணுவின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் ஒரு சிறு புரதத்தின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

நீலகிரியின் நவீன சரித்திரத்தில் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. சமவெளியின் வெக்கைக்கும் சுரத்துக்கும் அஞ்சிய வெள்ளைக்காரர்கள் 1820களில் உதகையை உண்டாக்கினார்கள். 1850களில் இவ்வூருக்கு அடுத்த மேட்டில் படைவீடுகளை எழுப்பி, முதலில் ஜெகதளாவின் பெயராலேயே அவற்றை வழங்கி, பிறகு வெல்லிங்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். 1860 தொடங்கி, கொயினா மருந்துக்காகத் தென்னமெரிக்கச் சிங்கோனா மரம் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராயிற்று. 1897இல் விடுமுறைக்கு உதகை வந்த ரொனால்ட் ராஸ், மலேரியாவின் மர்மத்தைத் துப்பறியும் நோக்கத்தோடு சீகூர் மலைச்சரிவில் கல்லட்டிக்கு இறங்கிச் சென்று, கொசுவலைக்குள் படுத்தும் தாமே அந்தக் காய்ச்சலுக்கு இரையானார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது 1907இல். ஆக, உயரத்தில் ஆரோக்கியமும் அடிவாரத்தில் சுரமுமாக இருந்த இம்மலை, ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்த ஸ்தலமாக வெகுகாலம் விளங்கியிருக்கிறது.

அவ்வாறு இம்மலையின்மேல் கண் வைத்தவர்களில் இருவரை இன்று நினைவுகூர வேண்டும். ஒருவர் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹெர்மன் லேமன். மற்றவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் பணிபுரிந்த மேரி கட்புஷ் என்னும் பெண்மணி. 1952இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இவர்கள் இருவரும் சேர்ந்து வெளியிட்ட சிறு கட்டுரை, அதுவரை ஆப்பிரிக்க இனத்தாருக்கே உரியதென்று பெரும்பாலும் கருதப்பட்டுவந்த அரிவாள் செல் பண்பு நீலகிரியின் ஆதிவாசிகளிடையே கணிசமாக உண்டு என்று அறிவித்தது. இந்தியாவைப் பற்றி இவ்வகையில் வந்த முதல் அறிக்கைகளுள் அது ஒன்று. ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, பிராணவாயு அற்றுப்போகும்படி மூடி, சிறிது பொழுது கழித்து உருப்பெருக்கியில் பார்த்தால், வட்ட வடிவமான அணுக்கள் பிறைபோல் வளைந்து முனை கூர்ந்து நிற்கும். பரீட்சை அவ்வளவுதான், ஆனால் அதன் பலனாக இந்நாட்டின் ஆதிகுடிகளைப் பற்றிய வைத்தியச் சிந்தனையே திசைமாறிற்று.

அந்த மேரி கட்புஷ் அம்மையார் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1950இல், மாலிசன், பார்க்கின் என்ற இருவரோடு சேர்ந்து வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். இரத்தம் உறையாக் குறைபாடு உள்ள டஃபி என்ற ஓர் ஆங்கிலேயருக்குப் பலமுறை பிறர் இரத்தம் செலுத்தியிருந்தார்கள். ஒருமுறை செலுத்தியபின் அவருக்குக் காமாலை கண்டது. ஏ, பி, ஆர்எச் முதலிய அன்றைக்குத் தெரிந்திருந்த வகைகளெல்லாம் பொருந்தியிருந்தும் இது நேர்ந்தது ஏன்? அவருடைய இரத்த நீரை எடுத்து, உப்புநீரில் பலமுறை கழுவிய வேற்றார் சிவப்பணுக்களோடு கலந்து வைத்து, மீண்டும் கழுவி, மனித எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி விலங்கின் சரீரத்தில் உண்டாக்கிய ஒரு நீரைச் சேர்த்தபோது, சிலருடைய அணுக்கள் மணல்மணலாகத் திரண்டன, சிலருடையவை திரளவில்லை. கூம்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1945இல் வகுத்துக் கொடுத்த முறை இது. இன்றும் எந்த இரத்த வங்கியிலும் நடைபெறுவது. திரண்ட அணுக்களின்மேல் ஏதோ ஒன்று இருக்கிறது, நோயாளியின் அணுக்களின்மேல் அது இல்லை என்று தேறியது. நோயாளியின் பெயரையே அதற்கு இட்டார்கள். நோயைக் கண்டவர் பெயர் நோய்க்கு வருவதே வைத்திய உலகின் வழக்கம். நோயுற்றவனுக்கு அந்தக் கௌரவம் கிடைப்பது அபூர்வம்.

ஆனால், அது அங்கே எதற்காக இருக்கிறது என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டைப்பையில் குத்திய அடையாளச் சீட்டைப் போல, மனிதரைப் பிரித்தறியப் பயன்படும் ஓர் இலச்சினையாகவே அது நாற்பது ஆண்டுகள் இருந்துவந்தது. அந்த நாற்பது ஆண்டுகளும் வீண் போகவில்லை. 1955இல், நியூயார்க்கின் கறுப்பின மக்களில் மிகப் பலருடைய சிவப்பணுவில் டஃபியின் ஏ, பி என்ற இரு வகைகளுமே இல்லை என்று சேங்கர், ரேஸ் முதலியோர் எழுதினார்கள். 1968இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டோனஹ்யூ என்ற மாணவர், தம் சொந்த அணுக்களின் முதலாம் குரோமோசோம் சற்றே விகாரமாக நீண்டிருப்பதைத் தற்செயலாகக் கண்டு, உறவினர் பலருடைய இரத்தத்தையும் பரிசோதித்து, டஃபி மரபும் அந்தக் குரோமோசோமும் கூடவே இறங்கிவருவதை நிரூபித்தார். பால்வேற்றுமை சாராத குரோமோசோம் ஒன்றில் மனித மரபணு ஒன்றுக்கு இன்ன இடம் என்று முதன்முதலில் குறிக்கப்பட்டது அப்போதுதான். 1976இல் லூயி மில்லரும் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாமே முன்வந்து பதினேழு பேர் விவாக்ஸ் மலேரியாக் கொசுவின் கடிக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டனர். டஃபி இல்லாத ஐவருக்கு மாத்திரம் இரத்தத்தில் கிருமி தோன்றவில்லை. விவாக்ஸ் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையும் வாசல் டஃபி என்பது இவ்வாறு புலப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் ஏறக்குறைய எல்லோருமே சிவப்பணுவில் டஃபி அற்றவர்களாக இருப்பதும், அங்கே விவாக்ஸ் மிகக் குறைந்திருப்பதும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று தெளிந்தது. மடகாஸ்கரிலும் எத்தியோப்பியாவிலும் டஃபி இல்லாதவர்களைக்கூட விவாக்ஸ் பற்றியிருப்பதாகப் பிற்காலத்தில் வந்த செய்திகள், கிருமியும் புதுவழி தேடும் என்பதற்குச் சாட்சி.

பகைவன் நுழையும் வழியாக மட்டுமே பயன்படும் ஒரு வாசலை எந்த வீட்டுக்காரனும் திறந்து வைத்திருக்கமாட்டான். அப்படியானால் அதன் உண்மைக் காரியம் என்ன? இங்கே அழற்சி என்னும் விஷயத்துக்கு நாம் வந்தாகவேண்டும்.

தேயிலைக் கவ்வாத்து நடக்கும் பருவத்தில் கத்தி நழுவிச் சுட்டுவிரலில் பட்டுவிடுவது இங்கே பலரும் அறிந்த சங்கதி. முதலில் இரத்தம் வருகிறது, நிற்கிறது. சில நிமிஷங்களில் காயத்தைச் சுற்றித் தோல் சிவக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. மாலைக்குள் விரல் தடித்துவிடுகிறது. இரவில் விண்ணென்று தெறிக்கிறது. சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி என்ற இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமாபுரியின் செல்சஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். இவற்றுக்கு உள்ளே நடப்பது என்னவென்றால், காயம்பட்ட திசுவின் அணுக்களும் அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கணுக்களும் கீமோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அருகிலுள்ள நுண்ணிய சிரையின் உட்சுவரில் அவை ஒட்டி நிற்கின்றன. பிரவாகத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு, அந்தச் சுவரில் மெல்ல உருண்டு, தயங்கி, கீமோகைனை உணர்ந்த மாத்திரத்தில் இறுகப் பற்றிக்கொண்டு, தட்டையாகி, சுவரின் அணுக்களுக்கு இடையே தன்னை நுழைத்துக்கொண்டு வெளியேறி, கீமோகைன் செறிவு எந்தத் திசையில் மிகுகிறதோ அந்தத் திசை நோக்கி ஊர்ந்து காயத்தை அடைகிறது. முதல் நாளில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் வருகின்றன. பின்னர் ஒற்றையணுக்கள் வந்து கழிவை அகற்றுகின்றன.

அழைப்பவர் இருக்கிறார், வருபவர் இருக்கிறார். அழைப்பு தவறான இடங்களுக்குப் போகாமல் தடுப்பவர் யார்? மலையில் ஓர் ஊரில் துக்கம் நேர்ந்தால் சேதி சொல்லிகள் புறப்படுகிறார்கள். உரிய ஊர்களுக்கு உரிய வழியில் சேதி போனால் உறவினர் வந்து சேர்ந்து காரியம் நடக்கும். துக்க வீடு எது என்று சொல்லாமலே எல்லா ஊர்களிலும் ஒரே சமயத்தில் சேதி பரவிவிட்டால், ஜனங்கள் தெருவுக்குத் தெரு கூடிக் குழம்புவார்களேயன்றித் துக்க வீட்டுக்கு ஒருவரும் வந்து சேரமாட்டார்கள். விரலில் சுரந்த கீமோகைன் இரத்தத்தில் கசிந்து சரீரம் முழுவதும் சஞ்சரித்தால் இதுவே நேரும். செறிவு எங்கும் ஒரே அளவாக இருப்பதால் வெள்ளணுவுக்குத் திசை தெரியாது. சுவரைப் பற்றும் முன்பே அது கிளர்ச்சியுற்று, காயமே இல்லாத நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, தன் ஆயுதங்களை அங்கே கொட்டி, நல்ல திசுவையே அழிக்கக்கூடும்.

1991இல் டார்போன் என்பவரும் சகாக்களும் இந்தக் கேள்விக்கு எதிர்பாராத விடையொன்றைக் கண்டார்கள். இன்டர்லூக்கின் 8 என்ற கீமோகைனை இரத்தத்தில் சேர்த்துப் பார்த்தபோது, அதன் பெரும்பகுதி இரத்த நீரிலும் இல்லை, வெள்ளணுவிடமும் இல்லை, சிவப்பணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒட்டியிருந்த கீமோகைன் நியூட்ரோஃபில்களைக் கிளறவுமில்லை. பிராணவாயுவைச் சுமந்து திரிவதைத் தவிர வேறொரு காரியமும் அறியாதது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த சிவப்பணு, தாறுமாறாகக் கசிந்த அழைப்புகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும் வேலையையும் செய்துவந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில், 1993இல், ஹோரக் என்பவர் தலைமையில் வெளிவந்த கட்டுரை, கீமோகைனைப் பற்றும் அந்தக் கைதான் டஃபி என்றும், விவாக்ஸ் கிருமி பற்றுவதும் அதே கையைத்தான் என்றும் காட்டியது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான சேதன் சிட்னிஸ் என்னும் நம் நாட்டவர் பிற்காலத்தில் டெல்லியில் ஆய்வுக்கூடம் அமைத்து, கிருமி டஃபியைப் பற்றும் பகுதியையே கொண்டு ஒரு தடுப்பூசியைச் சமைக்க முற்பட்டார். அதன் முதற்கட்ட மனிதப் பரிசோதனை இந்தியாவில் நடந்து, 2018இல் பலன் வெளியாயிற்று. அதே 1993இல், நியூயார்க் இரத்த மையத்தில் அசோக் சவுதுரியும் சகாக்களும் டஃபியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்தப் புரதத்தின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. 336 அமினோ அமிலங்களாலான இதன் இழை, அணுவின் சவ்வை ஏழுமுறை ஊடுருவி வளைந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழுமுறை ஊடுருவும் இவ்வகை ஏற்பிகள் நம் சரீரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெளியே ஒன்று வந்து பற்றியதும் உள்ளே ஜி புரதங்களுக்குச் சேதி அனுப்புவது அவற்றின் சுபாவம். அப்படிச் சேதி அனுப்புவதற்கு இன்றியமையாத ஒரு சிறு பகுதி டஃபியில் இல்லாமையால், கீமோகைன் வந்து அமர்ந்தாலும் அணுவின் உள்ளே ஒரு சலனமும் உண்டாவதில்லை. பிடித்துக்கொள்ளும், சொல்லாது. இதனாலேயே இப்போது விஞ்ஞானிகள் இதை வழக்கத்துக்கு மாறான கீமோகைன் ஏற்பிகளுள் முதலாவது என்று வகைப்படுத்துகிறார்கள். அழற்சிக் காலத்தில் சுரக்கும் கீமோகைன்களையே இது பெரிதும் பற்றுகிறது. நிணநீர்க் கணுக்களில் அன்றாட நடமாட்டத்தை நடத்தும் கீமோகைன்களிடம் இதற்கு நாட்டமில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, டஃபி என்பது அழற்சியை அவிக்கும் ஒரு நல்ல பூதம் என்று மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தால், சற்றுப் பேனாவை நிறுத்த வேண்டுகிறேன். சிவப்பணுவில் இருப்பதுபோலவே, நுண்சிரைகளின் உட்சுவரிலும் டஃபி இருக்கிறது. அங்கே அது திசுவின் பக்கம் கீமோகைனைப் பற்றி, அணுவைக் கடத்தி, இரத்தம் ஓடும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று 2009இல் காட்டினார்கள். அதாவது, ஓடும் இரத்தத்தில் அழைப்பை மறைக்கும் அதே புரதம், காயத்தின் வாசலில் அழைப்பை எடுத்துக் காட்டுகிறது. டஃபி மரபணுவை நீக்கிய எலிகளுக்குக் கிருமி நஞ்சைச் செலுத்தியபோது, நுரையீரலிலும் ஈரலிலும் வெள்ளணுக்கள் மிகுதியாகத் திரண்டன என்று 2000இல் ஒரு குழு எழுதிற்று. வேறொரு குழு அதற்கு மாறான பலனையும் கண்டது. முரண்பாடு என்று இதைச் சிலர் ஒதுக்கினார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எந்த அவயவத்தில், எந்த வேளையில், சிவப்பணுவின் டஃபி மிஞ்சுகிறதா சுவரின் டஃபி மிஞ்சுகிறதா என்பதைப் பொறுத்து விளைவு மாறத்தானே வேண்டும்? மேலும், சிவப்பணு பற்றிய கீமோகைன் அங்கேயே அழிந்துபோவதில்லை. இரத்த நீரில் செறிவு குறையும்போது மெல்ல விடுபடவும் செய்கிறது. அழற்சியை அடக்குதல் என்பது அதை ஒழித்தல் அன்று, வேண்டிய இடத்தில் மூட்டி வேண்டாத இடத்தில் மூளாமல் பார்த்துக்கொள்ளுதல் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

டஃபி இல்லாத ஆப்பிரிக்க மக்கள் இத்தகைய காவல் இன்றி எப்படி வாழ்கிறார்கள் என்ற ஐயம் நியாயமானது. 1995இல் பிரான்சில் கண்டுபிடித்தபடி, அவர்களுடைய மரபணு சிதையவில்லை. சிவப்பணு உருவாகும்போது அதைத் தூண்டும் முன்னுரைப் பகுதியில் ஓர் எழுத்து மாத்திரம் மாறியிருக்கிறது. ஆகவே சிவப்பணுவில் டஃபி தோன்றாமல், சிரைச்சுவரில் வழக்கம்போலத் தோன்றுகிறது. அவர்கள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். ஆனால் இரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை பிறரைவிடக் குறைவு. இந்த மரபுக் காரணம் 2008இல்தான் தெளிவாயிற்று. அதற்கு முன்பும் பின்பும், இயல்பான அந்தக் குறைவை நோயென்று கருதி மருத்துவர்கள் மருந்தின் அளவைக் குறைத்ததும் நிறுத்தியதும் உண்டு. ஐரோப்பியனின் எண்ணிக்கையை மனித குலத்தின் பிரமாணமாக வைத்ததன் பலன் அது.

சிவப்பணு கீமோகைனைப் பற்றுவது இரத்தம் செலுத்தும் மருத்துவமனைகளும் கவனிக்கத்தக்க விஷயம். சேமிப்பில் நாளாக நாளாக, சிவப்பணுக்கள் கீமோகைனைப் பற்றும் ஆற்றலை இழந்துவருகின்றன என்றும், அத்தகைய பழைய இரத்தம் நுரையீரல் அழற்சிக்குத் துணைபோகக்கூடும் என்றும், பென்சில்வேனியாவில் நிலம் மங்கள்மூர்த்தியும் சகாக்களும் 2009இல் எலிகளில் செய்த ஆராய்ச்சியோடு எழுதினார்கள்.

இப்போது மேரி கட்புஷ் அம்மையாரின் இரண்டு கண்டுபிடிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அரிவாள் செல் சோகையில் வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதை மட்டுமே நாம் பெரிதாகப் பேசுகிறோம். உண்மையில் அது இடைவிடாத அழற்சி நோயும்கூட. அணுக்கள் உடைகின்றன, சுவர் புண்படுகிறது, வெள்ளணுக்கள் கிளர்ச்சியுற்று ஒட்டிக்கொள்கின்றன, இன்டர்லூக்கின் 8 மிகுகிறது. ஆகவே கீமோகைனைப் பொறுக்கும் டஃபி சிவப்பணுவில் இருப்பதும் இல்லாததும் நோயின் கடுமையை மாற்றுமா என்று ஆப்பிரிக்க வம்சத்தினரிடம் பலர் ஆராய்ந்தார்கள். பலன்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு டஃபியே இல்லாதபோது ஒப்பிடுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதையும் கவனிக்கவேண்டும். இந்தியாவில் நிலை நேர்மாறு. இங்கே டஃபி அற்றவர் அரியர். கூடலூர், பந்தலூர்ச் சரிவுகளில் வாழும் பணியர், குறும்பர், கோத்தகிரிக்குக் கீழே வாழும் இருளர் ஆகியோரிடம் உள்ள அரிவாள் மரபணு, டஃபியைச் சுமக்கும் சிவப்பணுவில் அமர்ந்திருக்கிறது என்று எதிர்பார்ப்பதே நியாயம். இந்திய நோயாளிகளில் பலருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோய் சற்றே தணிவாக இருக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அது முழு விளக்கம்தானா, அல்லது டஃபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டா என்பதை ஆராய நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2023 ஜூலை முதல் தேதி மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்துக்காகவும், கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஆதிவாசிகளுக்கென்று வெகுகாலமாகத் தொண்டாற்றிவரும் நிறுவனங்களின் பரிசோதனைகளுக்காகவும் ஆதிவாசிகளின் இரத்தம் எடுக்கப்படுகிறது. ஒரு காலத்தில் அவர்களுடைய இரத்தம் கப்பலேறிப் போயிற்று, கட்டுரைகள் வந்தன, இரத்தம் கொடுத்தவனுக்கு அதில் கண்டது என்னவென்று சொன்னவர் குறைவு. இனி எடுப்பவர்கள், எதற்கென்று அவர்கள் பாஷையில் சொல்லி, இசைவு பெற்று, பலனைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்த பின்னரே ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அந்த இசைவு கிடைக்குமானால், அரிவாள் பரிசோதனைக்கு எடுத்த அதே குழாயின் மிச்சத்தில், பெரிய இரத்த வங்கிகளில் புழங்கும் டஃபி எதிர்நீர்களைக் கொண்டு, ஒவ்வொரு நோயாளியின் டஃபி வகையையும் குறித்துவிடலாம்; ஏ வகையினருக்கும் பி வகையினருக்கும் வலி கண்டு மருத்துவமனையில் சேரும் தடவைகளில் வேற்றுமை இருக்கிறதா என்று அடுத்த சில ஆண்டுகளின் பதிவேட்டைப் பார்த்தால் தெரியவரும்.